சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன

சோழர் கல்வெட்டுகளின் முகப்பில் மெய்க்கீர்த்தி என்று ஒன்று வரும். மன்னர் எந்தெந்த நாட்டை வென்றார், யாருடைய யானைகளை ஓட்டிவந்தார், யாருடைய முடியைப் பறித்தார் என்று மூச்சுவிடாமல் போகும். “இந்த ஆண்டு படையெடுத்துப் போனோம்; நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினோம்” என்று ஒரு வரி இருக்காது. தோற்ற வருஷத்தில் மன்னர் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்திருப்பார்.

சாப்ட்வேர் உலகத்து மெய்க்கீர்த்திக்கு ரிலீஸ் நோட்ஸ் என்று பெயர். ஒவ்வொரு வெர்ஷனோடும் ஒரு பட்டியல் வரும். வேகம் கூடியது, நினைவகம் மிச்சமானது, புது வசதி சேர்ந்தது. தோல்விகள் எல்லாம் கடைசி வரியில் ஒதுங்கி நிற்கும்: “சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.” செயப்பாட்டு வினையைக் கண்டுபிடித்த புண்ணியவான் இந்த வரிக்காகத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். பிழையைச் செய்தது யார், எத்தனை வருஷம் அது வாடகை கொடுக்காமல் குடியிருந்தது, யார் யார் தூக்கத்தைக் கெடுத்தது, ஒன்றும் வெளியே தெரியாது.

நானும் கொஞ்ச காலம் ஒரு சின்ன சார்ட்டிங் லைப்ரரிக்கு இந்தக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தேன். சார்ட்டிங் லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை. கலைந்த பட்டியலைக் கொடுத்தால் அடுக்கித் திருப்பித் தரும் கோட். அதுவும் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திட்டலாம். எது பெரியது எது சிறியது என்று பார்த்து அடுக்குவதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். நாலாவது வெர்ஷனிலேயே “சிறு பிழைகள்” என்ற சொல்லை ஒன்பது தடவை எழுதியிருந்தேன். வெட்கம் தாங்காமல், பெரிய வீடுகளில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். மனசு குளிர்ந்துவிட்டது. பெரிய வீடுகளில் கூரையே இல்லை.

வம்சத்தின் முதல் மன்னர் ஜான் வான் நியூமன். 1945-ல் எட்வாக் என்ற கம்ப்யூட்டருக்காக மெர்ஜ் சார்ட் எழுதினார். தனித்தனியாக அடுக்கிய இரண்டு கட்டுகளின் தலையில் இருப்பதை மட்டும் ஒப்பிட்டு, சிறியதை எடுத்து எடுத்து ஒரே கட்டாக்கிக்கொண்டே போவதுதான் மெர்ஜ் சார்ட். ஒரே ஒரு குறை, எட்வாக் என்ற கம்ப்யூட்டர் அப்போது கிடையாது. காகிதத்தில் இருந்த மிஷினுக்குக் காகிதத்தில் ப்ரோக்ராம். ஆகவே அதில் பிழை இருப்பதாக யாரும் புகார் கொடுக்கவில்லை. வம்சத்தின் வரலாற்றிலேயே புகார் இல்லாத ஒரே வெர்ஷன் அதுதான். கையால் எழுதிய 23 பக்கம். அதைப் பின்னாளில் ஆராய்ந்து 1970-ல் கட்டுரை எழுதிய டொனால்ட் நூத், முதல் பக்கத்தில் ‘அதிரகசியம்’ என்று பென்சிலில் எழுதி அழித்த தடம் இருந்ததைக் குறிப்பிடுகிறார். இரண்டு கட்டை ஒரு கட்டாக்குவது அமெரிக்காவின் அதிரகசியம். எந்த மண்டிக்கடை கணக்குப்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லியிருப்பார்.

அடுத்து வந்தவரை மெய்க்கீர்த்திக்காரர்கள் பாதி நேரம் மறந்துவிடுவார்கள். பெட்டி ஹோல்பர்ட்டன். எனியாக் கம்ப்யூட்டரை இயக்கிய பெண்களில் ஒருவர். யுனிவாக்குக்கு, 1951 வாக்கில், சார்ட் ப்ரோக்ராமைத் தானே எழுதித்தரும் ஒரு ப்ரோக்ராமை எழுதினார். சமையல் செய்யவில்லை, சமையல்காரரைச் செய்துவிட்டார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட ஆராய்ச்சிச் சாலை ஒரு சீட்டுக்கட்டு. சீட்டாடினால் குடும்பம் உருப்படாது என்று சொன்னவர்கள் யுனிவாக்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மாஸ்கோ. டோனி ஹோர் என்ற ஆங்கிலேய இளைஞர் அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போயிருந்தார். ரஷ்ய வாக்கியத்தை மிஷின் ஆங்கிலமாக்க வேண்டும். அகராதியோ காந்த நாடாவில் இருக்கிறது. நாடாவை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாக்கியத்துக்குள் பனிக்காலமே முடிந்துவிடும். வாக்கியத்தின் சொற்களை முதலில் அகரவரிசையில் அடுக்கிக்கொண்டால் நாடாவை ஒரே ஓட்டில் முடித்துவிடலாம். அதற்காக அவருக்கு முதலில் தோன்றியது இன்று பபிள் சார்ட் என்று அழைக்கப்படுகிற முறை. பக்கத்துப் பக்கத்து ஆட்களை உயரம் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே போவது. அது ஆமை வேகம் என்று உடனே புரிந்து, இரண்டாவதாக யோசித்ததுதான் குவிக்சார்ட். கூட்டத்தில் ஒருவரை நடுவராக நிறுத்து. அவரைவிடக் குட்டையானவர்கள் இடப்பக்கம், நெட்டையானவர்கள் வலப்பக்கம். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இதையே செய். அவ்வளவுதான்.

(முதல் யோசனையை அவர் கைவிட்டது நல்லதாயிற்று. 2007-ல் கூகுள் அலுவலகத்துக்கு ஓட்டுக் கேட்க வந்த பராக் ஒபாமாவிடம், பத்து லட்சம் எண்களை அடுக்கச் சிறந்த வழி எது என்று கூகுளின் தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட் குறும்பாகக் கேட்டார். பபிள் சார்ட் மட்டும் சரிப்படாது என்று நினைக்கிறேன் என்றார் ஒபாமா. அரங்கம் அதிர்ந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கே அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.)

ஊர் திரும்பி எலியட் பிரதர்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த ஹோரிடம், 1959-ல் டொனால்ட் ஷெல் வெளியிட்டிருந்த ஷெல்சார்ட்டை எழுதித்தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியும் என்றார். தெரியாது, ஆறு பென்னி பந்தயம் என்றார் மேலதிகாரி. ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. பந்தயத்தில் ஜெயித்தது ஹோர். உலகத்தின் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் இருபதாம் நூற்றாண்டின் மிச்சம் முழுக்க நம்பிக்கொண்டிருந்த முறைக்கு அதன் ஆசிரியர் கண்ட ரொக்கம் அந்த ஆறு பென்னிதான் என்று வைத்துக்கொண்டால், ஓப்பன் சோர்ஸ் பொருளாதாரம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

1961-ல் குவிக்சார்ட் அச்சேறியது. யுனிக்ஸ் வந்தது, சி மொழி வந்தது, அதன் லைப்ரரியில் க்யூசார்ட் என்ற பெயரில் ஒரு வசதியும் குடியேறியது. க்யூ என்றால் குவிக். ஆனால் பிற்பாடு வந்த சி மொழியின் சட்டப் புத்தகம், உள்ளே குவிக்சார்ட்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. உடுப்பி ஓட்டல் என்று பலகை இருந்தால் முதலாளி உடுப்பிக்காரராக இருந்தே தீரவேண்டுமா என்ன? இந்தப் பலகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குவிக்சார்ட்டின் பலவீனம் நடுவர். நடு உயரத்துக்காரர் அகப்பட்டால் கூட்டம் இரண்டாகப் பிரியும், வேலை மளமளவென்று முடியும். ஊரிலேயே குட்டையானவர் நடுவரானால் ஒரு பக்கம் காலி, மறுபக்கம் மொத்தக் கூட்டமும். அடுத்த சுற்றிலும் அப்படியே. ஆயிரம் பேருக்குப் பத்தாயிரம் ஒப்பீட்டில் முடிய வேண்டியது லட்சக்கணக்கில் போய்விடும். 1991-ல் பெல் லேப்ஸில் ஆலன் வில்க்ஸ், ரிக் பெக்கர் என்ற இருவருக்கு இதுதான் நடந்தது. சில நிமிஷத்தில் முடியவேண்டிய க்யூசார்ட் மணிக்கணக்கில் ஓடியது. அவர்கள் கொடுத்த பட்டியல் ஒன்றும் விபரீதமானதல்ல. சின்னதிலிருந்து ஏறி, உச்சிக்குப் போய், அப்படியே இறங்கி வருவது. கோபுரத்தைத் தள்ளி நின்று பார்த்தால் தெரிகிற வடிவம். அதைப் பார்த்ததும் லைப்ரரி மயங்கி விழுந்துவிட்டது.

அங்கேயே இருந்த ஜான் பென்ட்லியும் டக் மக்கில்ராயும் அதைப் பிரித்து மேய்ந்து, புதிதாக எழுதி, 1993-ல் கட்டுரையாக்கினார்கள். ஊரிலிருந்த மற்ற க்யூசார்ட்டுகளையும் சோதித்தார்கள். மயக்கம் போடாத க்யூசார்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மக்கில்ராய் அதோடு விடவில்லை. 1999-ல் எந்தக் குவிக்சார்ட்டையும் படுக்க வைக்கும் ஓர் எதிரியை எழுதினார். அந்த எதிரி முன்கூட்டியே பட்டியல் எதையும் தயாரித்து வைத்திருக்காது. இது பெரியதா அது பெரியதா என்று லைப்ரரி கேட்கும்போதுதான், எந்தப் பதிலைச் சொன்னால் அதற்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்துச் சொல்லும். ஆனால் சொன்ன எதற்கும் முரணாகப் பேசாது. குறுக்கு விசாரணையில் கடைசி வரை மாட்டிக்கொள்ளாத சாட்சி. தன் வீட்டுப் பிள்ளையை இப்படிச் சோதித்த ஆசிரியர் வேறு துறையில் இருக்கிறாரா தெரியவில்லை.

இனி பைத்தான் மொழி. 2002-ல் டிம் பீட்டர்ஸ் உட்கார்ந்து ஒரு புதிய சார்ட் எழுதினார். அடக்கத்தோடு அதற்கு டிம்சார்ட் என்று பெயர் வைத்தார். அடக்கம் என்ற சொல்லை அவரே தன் குறிப்பில் கண்ணடித்துக்கொண்டு பயன்படுத்தியிருக்கிறார். கட்டிய கோயிலுக்குத் தன் பெயரை வைத்துக்கொண்ட ராஜராஜனுக்குக்கூடக் கண்ணடிக்கத் தோன்றவில்லை. 2003 ஜூலையில் பைத்தான் 2.3-ஓடு வெளிவந்தது. எனக்கு மிகவும் பிடித்த மன்னர் இவர்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆராய்ச்சியாளர்கள் அதுவரை பெரும்பாலும் எண்கள் நன்றாகக் கலைந்து வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டார்கள். டிம் பீட்டர்ஸ் பார்த்தது நிஜப் பட்டியல்களை. நிஜத்தில் எதுவும் முழுசாகக் கலைவதில்லை. பள்ளியில் வருகைப் பதிவேடு ஏற்கெனவே அகரவரிசையில் இருக்கும். நடுவில் சேர்ந்த நாலு பிள்ளைகள் மட்டும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இதை அடுக்க, முதல் வரியிலிருந்து ஆரம்பித்து நடுவர் வைத்துப் பஞ்சாயத்து செய்வானேன்? டிம்சார்ட் இடமிருந்து வலம் நடந்து போய், ஏற்கெனவே ஏறுவரிசையில் இருக்கும் துண்டுகளைத் தேடிப் பிடிக்கும். இறங்குவரிசை கிடைத்தால் அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். துண்டு ரொம்பச் சின்னதாக இருந்தால், முப்பது அறுபது பேராவது சேரும்வரை கையால் செருகிச் சேர்க்கும். பிறகு துண்டுகளை வான் நியூமன் வழியில் இணைக்கும். இணைக்கும்போது ஒரே கட்டிலிருந்து தொடர்ந்து ஏழு தடவை ஜெயித்தால், இந்தப் பக்கம்தான் அதிர்ஷ்டம் போலிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டுத் தாவ ஆரம்பிக்கும். இதற்குப் பாய்ச்சல் நிலை என்றே பெயர்.

கூடவே ஒரு நாகரிகம்: சமமானவர்களின் பழைய வரிசையைக் கலைக்காது. ஏற்கெனவே பெயர்வாரியாக இருக்கும் பட்டியலை மதிப்பெண் வாரியாக அடுக்கினால், தொண்ணூறு வாங்கிய அமுதாவும் தொண்ணூறு வாங்கிய வள்ளியும் அதே முன்பின்னில் இருப்பார்கள். இதைத்தான் ஸ்டேபிள் என்பார்கள். குவிக்சார்ட்டுக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. பந்தி பரபரப்பில் தாத்தாவைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். பெர்ல் மொழி அந்தக் காரணமும் சேர 2002-லேயே 5.8 வெர்ஷனில் குவிக்சார்ட்டைக் கைகழுவி மெர்ஜ் சார்ட்டுக்கு மாறியது.

டிம்சார்ட்டின் புகழ் பரவியது. ஜோஷுவா பிளாக் அதை ஜாவாவில் எழுதினார்; 2011 ஜூலையில் ஜாவா 7-ல் அரியணை ஏறியது. அதே வெர்ஷனில் வெறும் எண்களுக்கு விளாதிமிர் யாரோஸ்லாவ்ஸ்கியின் இரட்டை நடுவர் குவிக்சார்ட் வந்தது. ஒரு நடுவர் கெட்டுப்போவார் என்று ஐம்பது வருஷம் புலம்பிவிட்டு, இரண்டு நடுவர் போட்டுப் பார்க்கலாம் என்று 2009-ல் ஒருவர் வந்தார், அது வேகமாகவும் ஓடியது.

ஜாவா 7-க்கு மாறிய அலுவலகங்களில் மறுநாளே கூக்குரல். வருஷக்கணக்காக ஒழுங்காக ஓடிய ப்ரோக்ராம், “உங்கள் ஒப்பிடும் முறை பொது ஒப்பந்தத்தை மீறுகிறது!” என்று ஆச்சரியக்குறியோடு கத்திவிட்டு நின்றுவிட்டது. விஷயம் இதுதான். எதைப் பெரியது என்பது என்று லைப்ரரிக்குத் தெரியாது; கூப்பிடுகிறவர்தான் ஒப்பிட்டுச் சொல்ல ஒரு ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆள் அ-வைவிட ஆ பெரியது, ஆ-வைவிட இ பெரியது, இ-யைவிட அ பெரியது என்று சொன்னால் எவராலும் அடுக்க முடியாது. பழைய மெர்ஜ் சார்ட் பரம சாது. பொய்யைக் கேட்டுக்கொண்டு ஏதோ ஒரு வரிசையைக் கொடுத்துவிட்டுப் போகும். டிம்சார்ட் சில நேரம் பொய்யைக் கண்டுபிடித்துவிடும், பிடித்தால் ஊரைக் கூட்டும். பொய் சொன்னவர்கள் எல்லாரும் சேர்ந்து லைப்ரரி மேல் புகார் கொடுத்தார்கள். ஜாவாக்காரர்கள் முன்ஜாக்கிரதையாகப் பழைய சாதுவைத் திரும்ப அழைக்க ஒரு ரகசியக் கதவும் வைத்திருந்தார்கள். பல கம்பெனிகள் அந்தக் கதவு வழியாகத்தான் வருஷக்கணக்கில் போய்வந்தன. 2024 செப்டம்பரில் ரஸ்ட் மொழி 1.81-ல் புது சார்ட்டுகளைக் கொண்டுவந்து, பொய் சொன்னால் நிறுத்திவிடக்கூடும் என்று அறிவித்ததும் சரித்திரம் இன்னொரு தடவை திரும்பியது.

இப்போது 2015. ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சிலர், ஸ்டைன் டி கௌவ் என்பவர் தலைமையில், ஜாவாவின் டிம்சார்ட் சரியானது என்று கணித ரீதியாக நிரூபிக்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். கீ என்ற கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நிரூபணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தோண்டினால், சரியாக இருந்தால்தானே வரும்?

துண்டுகளை டிம்சார்ட் தட்டுமேல் தட்டாக அடுக்கி வைக்கும். எந்தத் தட்டும் தனக்கு மேலே உள்ள இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், மீறினால் இணைத்துவிடும். அப்படி இருந்தால் அடுக்கு அதிக உயரம் போகாது என்பது கணக்கு. அந்தத் தைரியத்தில் ஜாவாவில் அதிகபட்சம் 40 தட்டுக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் கோட் மேலே உள்ள மூன்று தட்டுகளை மட்டுமே சோதித்தது. நாலாவது தட்டில் விதி உடைந்தால் கவனிக்க ஆளில்லை. அடுக்கு நாற்பதைத் தாண்டும், சரியும். 6 கோடியே 71 லட்சத்து 8 ஆயிரத்து 864 பேர் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து ஜாவாவைச் சரித்தும் காட்டினார்கள். இன்னும் ஒரு தட்டு கீழே எட்டிப் பார்த்தால் போதும் என்று மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள்.

பைத்தானில் இதே பிழை இருந்தது. ஆனால் அங்கே 85 தட்டுக்கு இடம். அதைச் சரிக்க இரண்டின் 49-ஆம் அடுக்கு அளவுக்கு ஆட்கள் வேண்டும். முகவரி எழுதி வைக்கவே 4 பீட்டாபைட் நினைவகம். அப்படி ஒரு மிஷின் அப்போது கிடையாது. இருந்தும் பைத்தான்காரர்கள் எழுதிக் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டார்கள். நிஜமாகவே சரியும் வீட்டில் இருந்த ஜாவாக்காரர்கள் என்ன செய்தார்கள்? 40 என்று இருந்ததை 49 என்று மாற்றினார்கள். ஓட்டை ஓட்டுக்குக் கீழே வைத்திருந்த குடத்தை எடுத்துவிட்டு அண்டா வைத்தார்கள்.

அண்டா மூன்று வருஷம் தாங்கியது. 2018-ல் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா ஓஜே, வான்சான் ஜூஜே, சிரில் நிக்கோ, கரீன் பிவோத்தோ என்ற நால்வர் டிம்சார்ட்டின் வேகத்தை ஆராயப் போனார்கள். போன இடத்தில், அந்த 49 என்ற கணக்கே தப்பு, அண்டாவும் நிரம்பி வழியும் என்று காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஜாவா அந்த இன்னொரு தட்டைக் கீழே எட்டிப் பார்த்தது. ‘சிறு பிழைகள்’ என்று எழுத இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை.

மன்னர் டிம்மும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார். இயன் மன்ரோ, செபாஸ்டியன் வைல்ட் இருவரும் 2018-ல் பவர்சார்ட் என்று, எந்தத் துண்டை எப்போது இணைப்பது என்பதற்கு மேலான முறை ஒன்றைச் சொன்னார்கள். 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11-ல் இணைக்கும் பொறுப்பு அதற்குப் போய்விட்டது. தேடிப் பிடிப்பதும் பாய்வதும் இன்னும் டிம் வழிதான். பட்டத்து யானை அவருடையது, பாகன் புதியவன்.

ஜாவாஸ்கிரிப்ட் கதையைச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்; சொன்னாலும் கோபித்துக்கொள்வார்கள். அங்கே 1, 2, 10 என்ற எண்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் 1, 10, 2 என்று வரும். எண்ணையும் எழுத்தாக நினைத்து அகரவரிசையில் வைக்கும். பழைய டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் செய்தவர் எழுதியது போலிருக்கும். இது பிழையல்ல, விதி என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதைவிட ருசியானது குரோம் பிரவுசரின் பழைய வழக்கம். பத்து பேர் வரை செருகல் முறையில் அடுக்கும், முன்பின் மரியாதை கலையாது. பதினோராவது ஆள் வந்துவிட்டால் குவிக்சார்ட், தாத்தா பின்வரிசை. ஆகவே ஐந்து பெயரை வைத்துச் சோதித்துப் பார்த்த புரோகிராமர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். பதினோராவது வாடிக்கையாளர் சேர்ந்த அன்று போன் அடிக்கும். 2008-ல் பிறந்த குரோம் இதை 2018 அக்டோபரில், 70-ஆவது வெர்ஷனில், டிம்சார்ட்டை வரவழைத்துச் சரிசெய்தது. மறுவருஷம் மொழியின் சட்டமும் ஸ்டேபிளாக இருந்தே ஆகவேண்டும் என்றது. பிஎச்பி 2020 நவம்பரில் 8.0-ல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. சி++ வீட்டில் இன்னொரு கதை: எப்பேர்ப்பட்ட பட்டியலிலும் மயங்கி விழக்கூடாது என்று 2011-ல் சட்டம் போட்டார்கள், எல்எல்விஎம் லைப்ரரி அதை நிறைவேற்றிய 14-ஆம் வெர்ஷன் வெளிவந்தது 2022-ல். தாலுகா அலுவலகத்தைப் பற்றி இனி யாரும் குறை சொல்லக்கூடாது. அதே லைப்ரரியில் மூன்று, நாலு, ஐந்து பேரை அடுக்கும் குட்டிக் கோட்டை டீப்மைண்டின் ஆல்ஃபாடெவ் என்ற செயற்கை அறிவு திருத்தியதாக 2023 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. ஐந்து பேரை 70 சதவீதம் வரை வேகமாக அடுக்கலாமாம். இரண்டரை லட்சத்துக்கு மேல் போனால் 1.7 சதவீதம். தலைப்புகளில் எந்த எண் வந்தது என்று நீங்களே ஊகிக்கலாம்.

கடைசியாக, அந்த உடுப்பி ஓட்டல்.

லினக்ஸ் மிஷின்களில் க்யூசார்ட் என்று கூப்பிட்டால் பெரும்பாலும் பதில் சொல்வது குனு சி லைப்ரரி. அங்கே பல வருஷமாகவே உள்ளே இருந்தது குவிக்சார்ட் இல்லை, மெர்ஜ் சார்ட். கூடுதல் நினைவகம் வேண்டியிருப்பதால், வீட்டில் மொத்தம் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று விசாரித்து, அதில் கால்வாசிக்கு மேல் போகாது என்றால்தான் வேலையில் இறங்கும். பத்து பாத்திரம் கழுவ வந்தவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி. இடம் பற்றாது என்றாலோ கேட்டும் கிடைக்காவிட்டாலோதான் பின்கட்டிலிருந்து குவிக்சார்ட்டை எழுப்புவார்கள்.

இந்த விசாரணையெல்லாம் அசிங்கமாக இருக்கிறது என்று 2023 அக்டோபரில் மெர்ஜ் சார்ட்டை வெளியேற்றினார்கள். உடனே பல ப்ரோக்ராம்கள் தடம் புரண்டன. மெர்ஜ் சார்ட் ஸ்டேபிள். புதிதாக வந்தது அப்படியில்லை. க்யூசார்ட் ஸ்டேபிளாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் ஒரு வீட்டில் தினமும் காலையில் காபி கிடைத்தால், அது வாடகை ஒப்பந்தத்தில் இல்லை என்று ஒரு நாள் சொல்ல முடியுமா? 2024 ஜனவரி நடுவில் மெர்ஜ் சார்ட்டைத் திரும்ப அழைத்து வந்தார்கள்.

அதே மாதம் 30-ஆம் தேதி குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொன்றைச் சொன்னது. பின்கட்டுக் குவிக்சார்ட்டை, ஒப்பிடும் ஆள் பொய் சொன்னால், பட்டியலுக்கு வெளியே உள்ள நினைவகத்தில் கைவைக்க வைக்கலாம். 1992 செப்டம்பரில் வந்த 1.04 வெர்ஷனிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது. பொய் சொல்வதும் ரொம்ப சுலபம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து விடையை அப்படியே கொடுத்தால் போதும். 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி. 32 பிட் பெட்டியில் 214 கோடிக்கு மேல் இடமில்லை. பெட்டி வழிந்து விடை மைனஸாகிவிடும், பெரியது சிறியதாகிவிடும். சட்டப்படி பார்த்தால் குற்றம் கூப்பிட்டவர் மேல்தான். இந்தக் கழித்தலை நானும் என் லைப்ரரியின் உதாரணப் பக்கத்தில் எழுதியிருந்தேன். யாரும் பார்ப்பதற்குள் மாற்றிவிட்டேன். மாற்றியதற்கு எந்த வரி எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள், 2024 ஜனவரி 31, குனு சி லைப்ரரி 2.39 வெளிவந்தது. 2.38-லிருந்து நேராக அதற்கு மாறியவர்களுக்கு நடுவில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததே தெரியாது. போன மன்னரே முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். பின்கட்டில் ஒரு மாற்றம். நினைவகம் கிடைக்காவிட்டால் எழுப்புவதற்குக் குவிக்சார்ட் இல்லை, ஹீப்சார்ட் என்று வேறொருவர். ஆகவே இன்று அந்த க்யூசார்ட்டின் முன்கட்டிலும் ஹோரின் ஆறு பென்னிச் சரக்கு இல்லை, பின்கட்டிலும் இல்லை. பலகையை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் எத்தனை ப்ரோக்ராம் வழிதெரியாமல் தெருவில் நிற்குமோ.